ஆன்லைன் டாக்டரை நம்பி 14,800 ரூபாய் போச்சு, தயவுசெய்து படியுங்கள்

கை நடுங்கிக்கொண்டே எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னியுங்கள். வீடியோவில் டாக்டரைப் பார்த்து மருந்து வாங்கும் ஒரு செயலி. பெயர் சொல்லவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். மொத்தம் 14,800 ரூபாய் போயிருக்கிறது.

அப்பாவுக்குப் பதினொரு வருடமாகச் சர்க்கரை. கொஞ்ச நாளாகப் பாதம் எரிகிறது என்று ராத்திரி தூங்குவதில்லை. டவுனுக்குப் போய்வர அரை நாள் ஆகிறதே என்று நான்தான் 600 ரூபாய் கட்டி அந்தச் செயலியில் நேரம் வாங்கினேன். அப்பா குளித்து, திருநீறு பூசி, வெளுத்த சட்டை போட்டு உட்கார்ந்தார். அந்தப் பக்கம் முகம் தெரியவில்லை, "நெட் சரியில்லை" என்றார்கள். டாக்டர் படம், பட்டம், பதிவு எண் எல்லாம் திரையில் இருந்தன. "ஐயா, நீங்க எனக்கு அப்பா மாதிரி, காலைக் காட்டுங்க" என்றது குரல். அப்பா வேட்டியை மடித்துக் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக் காட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நிமிடத்தில்தான் நம்பினேன். அடுத்த நிமிடமே மூன்று மாத பேக்கேஜ் என்று 14,200 ரூபாய் யூபிஐயில் அனுப்பினேன்.

வந்தது லேபிள் இல்லாத மூன்று டப்பா. ஏற்கெனவே போடும் சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மினை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினோம். எட்டாவது நாள் வெறும் வயிற்றில் சர்க்கரை 312! மருந்துக்கடை அண்ணனிடம் சீட்டைக் காட்டினேன். "இதுல கையெழுத்தே இல்லியே தம்பி, மாத்திரை எத்தனை மில்லிகிராம்னும் போடலியே" என்றார்.

அப்புறம்தான் அந்தப் பெயரையும் எண்ணையும் தேடினேன். அப்படி ஒரு டாக்டர் நிஜமாகவே இருக்கிறார். ஆனால் வேறு மாவட்டத்தில், கண் டாக்டர். அவர் வேலை பார்க்கும் இடத்துக்குப் போன் போட்டுக் கத்திவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டு, "எனக்கும் அந்தச் செயலிக்கும் சம்பந்தமே இல்லப்பா. இப்படித் திட்டி வர்ற மூணாவது போன் இது" என்றார். என்ன சொல்வதென்றே தெரியவில்லை. எங்களுக்குப் போனது பணம், அவருக்குப் போவது பேர்.

செயலியில் புகார் போட்டேன். 48 மணி நேரத்தில் பதில் என்றார்கள். மூன்றாம் நாள் 'புகார் தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டார்கள். மறுபடி கேட்டால், "நாங்க இணைச்சு விடுறது மட்டும்தான் சார், டாக்டருக்கு நாங்க பொறுப்பில்ல." 14,800 ரூபாய்க்குப் பதில் அடுத்த முறைக்கு 500 ரூபாய் கூப்பன் தருகிறார்களாம். பொறுப்பில்லை என்பது பச்சைப் பொய். 2020 மார்ச் 25-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறை, பதிவு பெற்ற மருத்துவர்தானா என்று சரிபார்த்த பிறகே பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று இந்த மாதிரித் தளங்களுக்கே கடமை வைத்திருக்கிறது. அதைப் படித்துக் காட்டியதும் போனை வைத்துவிட்டார்கள்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. சுருக்கமாக: பணம் கட்டும் முன் பதிவு எண்ணைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். அந்த டாக்டர் வேலை செய்யும் மருத்துவமனைக்கே ஒரு போன் போட்டுக் கேளுங்கள். முகம் காட்டாவிட்டால் வைத்துவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் மருந்தை, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். நான் பத்து நாள் கழித்துத்தான் அழைத்தேன். வீட்டிலிருந்தே பார்க்க வேண்டுமென்றால் அரசின் இ-சஞ்சீவனி இருக்கிறது, இலவசம். இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அப்பா பழைய மாத்திரைக்குத் திரும்பிவிட்டார், இன்று காலை 190. அந்தக் கண் டாக்டரின் படம் இன்னும் செயலியில் இருக்கிறது. இப்போதுதான் பார்த்தேன், 'இன்று 6 மணிக்கு நேரம் உள்ளது' என்று போட்டிருக்கிறது.