மடக்கு ஷவலா, குட்டை ஷவலா, கைக்கரண்டியா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கேம்பிங் சாமான் விற்கும் கடைகளில் ஷவல் மாட்டியிருக்கும் சுவரைப் பார்த்தால் தலை சுற்றும். மடக்குவது, கழற்றுவது, குட்டையானது, உள்ளங்கைக்குள் அடங்குவது என்று வரிசையாகத் தொங்கும். அட்டையில் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டு: எடை குறைவு, இடம் அடைக்காது, எதையும் தோண்டும். நீங்கள் எதில் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். தோளில் பை மாட்டியா, சின்னக் காரிலா, பின்னால் திறந்த பெட்டியுள்ள பக்கி வண்டியிலா? பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

நடந்து போகிறவர்கள் விஷயம் சுலபம். டிராகன்ஸ்பர்க் மலையில் ஜயன்ட்ஸ் காசில் பக்கமோ ம்ன்வேனி பக்கமோ ஏறி இரவு தங்குகிறவருக்குத் தோண்டும் வேலை ஒன்றே ஒன்றுதான். காலைக்கடனுக்கு 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் ஒரு குழி, அதுவும் ஓடையிலிருந்தும் பாதையிலிருந்தும் 60 மீட்டராவது தள்ளி. இதற்கு ஒரு கிலோ இரும்பைச் சுமப்பது வீண். அந்த எடைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கூடுதலாக எடுத்துப் போகலாம். டியூஸ் ஆஃப் ஸ்பேட்ஸ் மாதிரியான அலுமினியக் கைக்கரண்டி 20 கிராமுக்கும் குறைவு. அதன் குறை, கைப்பிடி விளிம்பு மெல்லியதாக இருப்பதால் அழுத்தும்போது உள்ளங்கையை அறுக்கும். இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் மழையில்லாமல் மண் இறுகிக் கிடக்கும் சமயத்தில் இது நன்றாகவே தெரியும். அப்போது கரண்டியைத் தலைகீழாகப் பிடித்து, கைப்பிடி முனையால் மண்ணைக் குத்திக் கிளறிவிட்டு, பிறகு கரண்டியின் அகன்ற முனையால் அள்ள வேண்டும். பிளாஸ்டிக் கரண்டி இன்னும் மலிவுதான், ஆனால் அந்த மண்ணில் வளையும்.

கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்ட ஷவல் வேண்டாமா என்று பழைய ஆட்கள் கேட்பார்கள். கோடையில் அங்கே பிற்பகல் ஆனால் இடியோடு மழை கொட்டும் என்பது உண்மைதான். ஆனால் வாய்க்கால் வெட்டினால் புல் போய், அந்தத் தடத்திலேயே மண் அரிக்கத் தொடங்கும். கொஞ்சம் மேடான இடமாகப் பார்த்துக் கூடாரம் போட்டால் போதும்.

காரில் குடும்பத்தோடு போய் கேம்ப்சைட்டில் தங்குகிறவர்களுக்குத்தான் மடக்கு ஷவல் பொருத்தம். டிக்கியில் கூடாரம், பாய், ஐஸ்பெட்டி, பிரியாணிச் சட்டி எல்லாம் ஏறிய பிறகு மிச்சம் இருக்கும் சந்தில் இது நுழையும். அமெரிக்க ராணுவம் 1960களின் கடைசியில் எடுத்துக்கொண்ட மூன்று மடிப்பு வடிவம்தான் இன்றைக்கும் எல்லோரும் பின்பற்றுவது. கெர்பர் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன, பெயரில்லாத நகல்களும் ஏராளம். விரித்தால் 60 செ.மீ. அளவுக்கு நீளும், எடை ஒரு கிலோவை ஒட்டி இருக்கும்.

இதில் எனக்குப் பிடித்தது மடிப்பு அல்ல. தகட்டை நேராக நிறுத்தாமல் 90 பாகையில் வளைத்துப் பூட்டினால் ஒரு குட்டி மம்பட்டி கைக்கு வரும். இவ்வளவு குட்டையான கைப்பிடியோடு மண்ணைக் குத்தி மிதித்து அள்ளுவதைவிட, மண்டியிட்டு வெட்டி இழுப்பது எத்தனையோ மேல். நம் கைக்குப் பழகிய வீச்சும் அதுதானே. பக்கத்தில் உள்ள ரம்பப்பல்லை நம்பி வாங்காதீர்கள். அது விறகை அறுப்பதைவிடப் பையைக் கிழிப்பதே அதிகம்.

பலவீனமான இடம் கழுத்தில் உள்ள திருகு வளையம். அதை இறுக்கினால்தான் தகடு ஆடாமல் நிற்கும். கடற்கரைப் பொடிமணல் அந்த வளையத்தின் மரைக்குள் (திருகு வரிகளுக்குள்) புகுந்தால் திருப்பும்போது நறநறவென்று அரைக்கும், பாதியில் நின்றுகொள்ளும். உடனே எண்ணெய் விடத் தோன்றும். விடக் கூடாது. எண்ணெயில் இன்னும் மணல் ஒட்டும். பழைய பல்துலக்கும் பிரஷால் மரையைத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, மெழுகுவர்த்தித் துண்டை மரையில் தேய்த்து விடுங்கள். கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். விரித்து இறுக்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தகட்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். புதிதாக இருக்கும்போதே கீலில் ஆட்டம் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இதற்கு நேர் போட்டி ரஷ்யக் குட்டை ஷவல். லின்னமன் என்ற டேனிஷ் ராணுவ அதிகாரி 1869இல் காப்புரிமை பெற்ற வடிவத்தின் வாரிசு இது. சோவியத் ராணுவத்தில் எம்பிஎல்-50 என்று பெயர், நீளம் 50 செ.மீ. கோல்டு ஸ்டீல் நிறுவனம் இதே மாதிரி ஒன்றை விற்கிறது. மடியாது, ஆகவே உடைய மூட்டும் இல்லை. மரக்கைப்பிடி போனால் வேறு போட்டுக்கொள்ளலாம். விளிம்பு கூராக இருப்பதால் வேரை வெட்டும், சுள்ளி பிளக்கும். அந்தக் கூர்மைக்காகவே உறை கட்டாயம். உறையில்லாமல் பிள்ளைகள் உட்காரும் சீட்டுக்கு அடியில் போடாதீர்கள். டிக்கியில் அரை மீட்டர் இடம் இருந்தால் மடக்கு ஷவலைவிட இதையே வாங்குவேன், மம்பட்டி வசதி போனாலும் பரவாயில்லை. கடல் உப்புக்கு அஞ்ச வேண்டிய மரை இதில் இல்லை.

சீன ராணுவ ஷவலைப் பார்த்துச் செய்த பல்வேலைக் கருவிகளும் கிடைக்கின்றன. குழாய் குழாயாகத் திருகிச் சேர்க்க வேண்டும், உள்ளே விசில், திசைகாட்டி, தீப்பொறி தட்டும் கம்பி. ஒவ்வொரு திருகும் தளரக்கூடிய ஓர் இடம். பரிசாகக் கொடுக்க நன்றாக இருக்கும்.

கங்கு அள்ளுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், நம் ஆட்கள் ஷவலை அதிகம் எடுப்பது அதற்குத்தான். பிராய்க்கு, அதாவது தணலில் இறைச்சி சுடுவதற்கு, கங்கு பரப்பவும், பிரியாணிக்குத் தம் போடும்போது மூடிமேல் அள்ளிப் போடவும் 50, 60 செ.மீ. கைப்பிடி போதாது, முழங்கைவரை சுடும். தகட்டைக் கங்குக்குள் விட்டுவைத்தால் பெயின்ட் கருகுவதோடு இரும்பின் பதமும் போகும். அந்த வேலைக்கு வீட்டில் கிடக்கும் பழைய நீள ஷவலே சரி.

பக்கி வண்டிக்காரர்கள் மடக்கு ஷவலே வாங்க வேண்டாம். 2001 கடைசியில் வந்த விதிகளால் பெரும்பாலான கடற்கரைகளில் வண்டி ஓட்டுவது நின்றுபோனாலும், வடக்கே மொசாம்பிக் எல்லையோரம் கோசி பே பக்கத்து மணல்தடங்கள் இருக்கவே இருக்கின்றன. வண்டி புதைந்தால் முதலில் டயர் காற்றைக் குறைக்க வேண்டும், 1.2 பார் அளவுக்கு. ஏற்கெனவே குறைத்திருந்தால்தான் ஷவல். அள்ள வேண்டிய மணல் சக்கரத்துக்கு முன்னால் மட்டுமல்ல, வண்டி வயிற்றுக்கு அடியில் அச்சின் நடுவிலுள்ள டிஃப் (டிஃபரன்ஷியல்) உருண்டை அமர்ந்திருக்கும் இடத்திலும் இருக்கும். குட்டை ஷவலோடு அங்கே எட்ட வேண்டுமானால் குப்புறப் படுக்க வேண்டும். லாஷர் மாதிரி உள்ளூர்த் தயாரிப்பில் நீளக் கைப்பிடியோடு ஒன்றை ஹார்ட்வேர் கடையில் வாங்கி, பின்பெட்டியில் குறுக்காகப் படுக்கிறதா என்று பாருங்கள். படுக்காவிட்டால் கூரைக் கம்பியில் இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள், தகடு பின்பக்கம் பார்த்தபடி.