ஓட்ஸார் பேத் தின் பழங்கள்: ஷ்மிட்டா ஆண்டில் நம்பி எடுக்கலாமா?

இஸ்ரேலில் அடுத்த ஷ்மிட்டா, அதாவது யூதர்களின் நில ஓய்வு ஆண்டு, 2028 செப்டம்பரில் தொடங்குகிறது. ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு என்கிறது லேவியராகமம் 25. அந்த ஆண்டின் விளைச்சலை வியாபாரம் பண்ணக் கூடாது, வீணாக்கவும் கூடாது. அப்புறம் வீட்டுக்குப் பழம் எப்படி வரும்? இறக்குமதி இருக்கிறது. யூதரல்லாத விவசாயிகளின் விளைச்சல் இருக்கிறது. நிலத்தை யூதரல்லாதவருக்குப் பெயருக்கு விற்றுவிட்டு வழக்கம்போல் பயிரிடும் ஹெத்தேர் மெகிரா இருக்கிறது. நாலாவது வழி ஓட்ஸார் பேத் தின். மண்ணை மனதில் வைத்துப் பார்த்தால் எங்கள் ஓட்டு இதற்குத்தான், சில குறைகளோடு.

இதில் ரப்பிகளின் (யூத மதகுருக்களின்) நீதிமன்றம் தோப்பைப் பொறுப்பேற்கிறது. விவசாயி அதன் கூலியாளாகிறார். பழைய யூதச் சட்டத் தொகுப்பான தோசெஃப்தா காலத்து ஏற்பாடு இது: நீதிமன்ற ஆட்களே அத்திப்பழம் பறிக்கக் கூலிக்கு ஆள் வைத்து, ஓய்வுநாளுக்கு முந்தின நாள் வீட்டு ஆள்கணக்குப்படி பங்கிட்டார்கள். இன்றும் நாம் கொடுப்பது பறிப்பு, பெட்டியில் அடைப்பது, வண்டி போன்ற செலவுகள் மட்டுமே. பழத்துக்கு விலை கிடையாது. ஆகவே கிராக்கியைப் பார்த்து விலை ஏறினால் தயங்காமல் கேள்வி கேளுங்கள். பெட்டியில் எந்த நீதிமன்றத்தின் பெயர் என்பதையும் பாருங்கள்.

முழு ஓய்வு என்று நினைத்துவிட வேண்டாம். மரம் சாகாமலிருக்க சொட்டுநீரும் பூச்சி மருந்தும் உண்டு. புதிதாக நடுவதும், மகசூலுக்காகக் கவாத்து செய்வதும்தான் நிற்கின்றன.

காய்கறியில் இது ரொம்ப பலவீனம். ரோஷ் ஹஷானாவுக்கு (யூதப் புத்தாண்டுக்கு) முன்பே முளைவிட்டவை மட்டுமே கிடைக்கும்; சில மாதங்களில் தீர்ந்துவிடும். பழத்தில் கதை தலைகீழ். காய் பிடிக்கும் காலம்தான் கணக்கு என்பதால், ஆண்டின் தொடக்கத்தில் வருவது ஆறாம் ஆண்டுப் பழமே. ஷ்மிட்டா பழம் வசந்தத்தையொட்டி வரத் தொடங்கி எட்டாம் ஆண்டிலும் தொடரும். ஆண்டு முடிந்தது என்று தோலைக் குப்பையில் போடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

சமையலறையில் ஷ்மிட்டா தொட்டி தனியாக வேண்டும். சாப்பிடக்கூடிய மிச்சத்தைப் பையில் கட்டி அதில் வைத்து, அழுகிய பிறகே குப்பைக்கு அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பையில் கொட்டினால், நேற்றைய அழுகல் இன்றைய பழத்தைச் சீக்கிரம் கெடுக்கும், அதுவும் வீணாக்கல்தான். அதனால் நாளுக்கொரு பை. பூமிக்காகச் செய்யும் காரியத்தில் இத்தனை பிளாஸ்டிக் சேருவதை யாராவது யோசிக்கலாம். நேராக உரக்குழியில் போடலாமா என்பதில் ரப்பிகளிடையே ஒருமித்த கருத்தில்லை. கெட்ட பிறகு போட்டால் சிக்கல் குறைவு.

ஷ்மிட்டா திராட்சை ரசம் வாங்குபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஓய்வுநாளை முடித்துவைக்கும் ஹவ்தாலா சடங்கில் கோப்பை வழிய ஊற்றக் கூடாது, மெழுகுவர்த்தியை அதில் அணைக்கக் கூடாது. பஸ்கா விருந்தில் பத்து வாதைகளுக்குச் சொட்டு விடும் வழக்கத்துக்கும் வேறு ரசம் வையுங்கள். புட்டிகளை வாங்கி அடுக்குவதும் வேண்டாம்: திராட்சையை வீட்டில் சொந்தமாக வைத்திருக்கக் கெடு எட்டாம் ஆண்டு பஸ்கா, அதாவது 2030 ஏப்ரல். மூன்று வேளைக்கு மேல் கையிருப்பு இருந்தால், கெடு வரும்போது மூன்று பேர் முன்னால் 'இது யாருக்கும் சொந்தமில்லை' என்று அறிவித்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நீதிமன்றத்தின் கிடங்கிலேயே இருக்கும் புட்டிகளுக்கு இந்த வேலை இல்லை. தேவைப்படும்போது வாங்கிக்கொண்டால் போதும்.