ஏழூர் வட்டமா, செட்டிநாட்டு வட்டமா?

மார்கழியின் பிற்பகுதியும் தை மாதமும் தமிழ்நாட்டுச் சமவெளியில் நிதானமாகச் சைக்கிள் மிதிப்பதற்கு வாய்த்த நாட்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயில் முற்றியிருக்காது. அந்தச் சில வாரங்களுக்குள் ஒரே ஒரு பயணத்துக்குத்தான் விடுப்பு வாய்க்கும் என்றால், திருவையாற்றைச் சுற்றியுள்ள ஏழூர் வட்டத்துக்குச் செல்வதா, காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான், ஆத்தங்குடி வழியாகச் சுற்றிவரும் செட்டிநாட்டு வட்டத்துக்குச் செல்வதா என்ற கேள்வி எழுகிறது.

ஏழூர் வட்டம் சைக்கிளுக்காக யாரும் வரைந்த பாதையன்று. சித்திரையில் நடைபெறும் சப்தஸ்தான விழாவில் திருவையாற்றுக் கோயில் இறைவனான ஐயாறப்பரின் பல்லக்கு திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம் ஆகிய ஊர்களுக்குச் சென்று திரும்பும் வழி அது. நந்தியின் திருமணத்துக்குப் பழனம் பழத்தையும், சோற்றுத்துறை உணவையும், வேதிகுடி வேதியரையும், பூந்துருத்தி பூவையும், இன்று தில்லைஸ்தானம் என்றழைக்கப்படும் நெய்த்தானம் நெய்யையும் தந்ததாக மரபு சொல்கிறது. ஊர்ப்பெயர்களே ஒரு கல்யாணச் சீர்வரிசையாக அமைந்த பாதையில் மிதிக்கும்போது, அடுத்த ஊர் எது என்று வரைபடத்தைப் பார்க்க வேண்டிய தேவையே குறைந்துவிடுகிறது. ஏழும் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள். கண்டியூர், சிவன் வீரச் செயல் புரிந்ததாகச் சொல்லப்படும் எட்டு வீரட்டங்களில் ஒன்று. சம்பந்தரின் பல்லக்கைத் தாங்கியவர்களுள் ஒருவராக அப்பர் தம்மை மறைத்துக்கொண்டு தோள் கொடுத்ததாகப் பெரியபுராணம் சொல்லும் இடம் பூந்துருத்தியின் பக்கம்தான்.

எந்த ஊரும் திருவையாற்றிலிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பால் இல்லை என்பதால், களைத்தவர் எந்த இடத்திலிருந்தும் திரும்பிவிடலாம். ஏற்றம் என்று சொல்லத்தக்கது பாலங்களின் முகப்பு மட்டுமே. தஞ்சாவூரிலிருந்தே மிதித்து வருபவர் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைக் கடந்து வருகிறார். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்பட்டு ஜனவரி 28-ஆம் தேதி மூடப்படுவதால், தை பிறக்கும் வேளையில் ஆற்றில் தண்ணீரும் வயலில் முற்றிய சம்பாக் கதிரும் ஒருசேரக் காணக் கிடைக்கும். விடியற்காலைப் பனியில் வாழைத் தோட்டங்களின் ஓரமாகச் செல்லும்போது கொக்கும் மீன்கொத்தியும் கண்ணில் படாமல் இரா.

குறை இல்லாமல் இல்லை. கண்டியூருக்கும் திருவையாற்றுக்கும் இடைப்பட்டது தஞ்சாவூரிலிருந்து அரியலூர் செல்லும் பேருந்துகளின் சாலை. அந்தத் தூரத்தில் குழந்தைகளைத் தனிச் சைக்கிளில் விட நான் துணிய மாட்டேன். கோயில்கள் நண்பகலில் நடை சாத்திவிடும். மாலை நான்கு மணி வரை காத்திருக்க நேரலாம். அறுவடை தொடங்கிவிட்டால் சாலையின் பாதியில் நெல் காயும். அதன்மேல் சக்கரம் ஏற்றாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே முறை.

செட்டிநாடு இதற்கு நேர்மாறான நிலம். செம்மண்ணும் பனையும் கண்மாயும் பொட்டலுமாக விரியும் அந்த நாட்டில், ஓர் ஊருக்கும் மறு ஊருக்கும் இடையில் நிழல் அரிது. ஆனால் ஊருக்குள் நுழைந்துவிட்டால் நேர்கோட்டில் வகுக்கப்பட்ட அகலமான தெருக்கள் ஏறக்குறைய வெறிச்சோடிக் கிடக்கும். கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று செல்லும்போது, பர்மாத் தேக்குத் தூண்களும் சுண்ணாம்புப் பூச்சுமாக ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் நகரத்தார் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. பல வீடுகள் பூட்டியே கிடப்பதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகைமேல் சட்டம் வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தி எடுக்கும் தரைக்கற்களின் வேலையை அருகிலிருந்து பார்க்கலாம். அதற்காகவே ஒரு மணி நேரம் ஒதுக்கத் தகும்.

சைக்கிளுக்கு அங்குள்ள எதிரி சீமைக்கருவேல முள். சாலையோரத்தில் சக்கரத்தை இறக்கினாலே டியூப் பஞ்சராகும். மாற்று டியூப் இரண்டும் காற்றடிக்கும் பம்பும் இல்லாமல் புறப்படக் கூடாது என்பதை ஒரு நண்பகல் வெயிலில் கற்றுக்கொண்டேன். வட்டமும் ஏழூரைவிடச் சற்றே நீளம். ஆனால் கானாடுகாத்தானை ஒட்டியே செட்டிநாடு என்ற பெயரில் ரயில் நிலையம் இருப்பதால், காரைக்குடியைத் தவிர்த்து அங்கிருந்தே தொடங்கவும் முடியும்.

குழந்தைகளோடு செல்பவருக்கும், நெடுநாள் கழித்துச் சைக்கிள் ஏறுபவருக்கும் செட்டிநாட்டையே பரிந்துரைப்பேன். கானாடுகாத்தான் தெருக்களுக்குள் மட்டும் சுற்றினாலும் அவர்களுக்கு ஒரு காலைப்பொழுது நிறைந்துவிடும். கட்டடக் கலையில் நாட்டம் உள்ளவருக்கும் அதுவே ஏற்றது. எனினும், செட்டிநாட்டில் சைக்கிள் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குக் கொண்டுசேர்க்கும் வாகனமாகவே நின்றுவிடுகிறது. பார்க்க வேண்டியவை எல்லாம் இறங்கிய பிறகே தொடங்குகின்றன. ஏழூரில் மிதிக்கும் வழியே காட்சி. அதனால் என் ஒரு விடுப்பை ஏழூருக்கே கொடுப்பேன்: விடியலில் திருவையாற்றிலிருந்து கிழக்கே திருப்பழனம் சென்று திரும்பி, பேருந்துகள் பெருகும் முன்பே பாலங்களைக் கடந்து கண்டியூர், வேதிகுடி, சோற்றுத்துறையை நடை சாத்துவதற்குள் முடித்து, வெயில் தாழ்ந்தபின் பூந்துருத்தியையும் நெய்த்தானத்தையும் பார்த்துவிட்டு, இரவு திருவையாற்றுக் கடைத்தெருவில் சுடச்சுட அசோகா அல்வா வாங்கிக்கொள்வேன்.