குளுக்கனெக்ஸ்: குலைநோய்ப் பூசணத்தின் சுவரைக் கரைக்க எப்படி?

குளுக்கனெக்ஸ் ஒயின் ஆலைக்காக வந்த பொடி. சாம்பல் பூசணம் பிடித்த திராட்சையின் சாறு வழுவழுத்து வடிகட்டியை அடைக்கும். அந்த வழுவழுப்புக்குக் காரணமான குளுக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலியை உடைக்க, டிரைக்கோடெர்மா என்ற பூசணத்திலிருந்து எடுத்த நொதிக் கலவை இது. பூசணத்தின் செல் சுவரிலும் குளுக்கன் இருப்பதால், பூசண ஆய்வுக்கூடங்கள் புரோட்டோபிளாஸ்ட் (சுவர் நீக்கிய செல்) எடுக்க இதைப் பிடித்துக்கொண்டன. நெல் குலைநோய்ப் பூசணமான மேக்னபோர்தே ஒரைசேயில் பெக் (PEG, பாலிஎத்திலீன் கிளைக்கால் கொண்டு டிஎன்ஏயைச் செலுத்தும்) முறையில் ஜீனை மாற்றுகிறவர்களுக்கு நல்ல சரக்குதான். ஆனால் போட்டுவிட்டு மறந்துபோகிற ரகமல்ல.

குளுக்கனை உடைக்கும் குளுக்கனேஸோடு, கைட்டினை உடைக்கும் கைட்டினேஸும் புரதத்தை உடைக்கும் புரோட்டியேஸும் கொஞ்சம் கலந்திருப்பதால் டப்பாவுக்கு டப்பா வீரியம் மாறும். 1.2 மோலார் மெக்னீசியம் சல்பேட், 10 மில்லிமோலார் சோடியம் பாஸ்பேட், பிஎச் 5.8 கரைசலில் மில்லிலிட்டருக்கு 10 மி.கி. போட்டுத் தொடங்கலாம், போதாவிட்டால் கூட்டலாம். முழுதாகக் கரையாது, பழுப்பு மண்டி தங்கும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றித் தெளிவை மட்டும் 0.45 மைக்ரான் வடிகட்டியில் விடுங்கள். மண்டியோடு 0.22-இல் விட்டால் இரண்டு மில்லிகூட இறங்காமல் அடைத்துக்கொள்ளும்.

மைசீலியம் (பூசண இழைகள்) 48 மணி நேர வயதுக்குள் இருக்கட்டும். கறுக்க ஆரம்பித்தால் மெலனின் என்ற கறுப்பு நிறமி ஏறிவிட்டது, எந்தப் பொடியும் சரியாகக் கரைக்காது. 30 டிகிரி, மெதுவான ஆட்டம், 2 முதல் 3 மணி நேரம். முதல் மணி கழிந்ததும் அரைமணிக்கொரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். கவர்ஸ்லிப் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நல்ல புரோட்டோபிளாஸ்ட் பட்டென்று வெடிக்கும். வெடிக்காமல் நிற்கும் உருண்டையில் சுவர் மிச்சம். கூடுதல் நேரம் விட்டால் புரோட்டியேஸ் சவ்வைக் கடிக்கும்: ஹீமோசைட்டோமீட்டரில் (செல் எண்ணும் கண்ணாடித் தகட்டில்) எண்ணிக்கை கொழிக்கும், தட்டில் முளைப்பது சொற்பம்.

இந்தக் குளறுபடியைப் பலரும் டிஎன்ஏ மேல் போடுவார்கள். டிஎன்ஏயும் ஹைக்ரோமைசினும் (புதிய ஜீன் ஏறாத செல்லைக் கொல்லும் மருந்து) இல்லாமல், செல் வெடிக்காமல் காக்கும் 1.2 மோலார் சார்பிட்டால் போட்ட ஒரு தட்டு கட்டாயம் வையுங்கள். அதிலேயே முளைக்காவிட்டால் கோளாறு செரிமானத்திலோ கழுவியதிலோதான். அது முளைத்து, மில்லிலிட்டருக்கு 200 மைக்ரோகிராம் ஹைக்ரோமைசின் போட்ட தட்டு மட்டும் வெறுமையாக இருந்தால்தான் டிஎன்ஏயையும் பெக்கையும் சந்தேகிக்கலாம்.

பொடியே வேண்டாமென்றால் ஜீனைப் பூசணத்துக்குள் கடத்தும் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியா இருக்கிறது; இழைப் பூசணங்களுக்கு 1998-லேயே நிரூபித்த வழி. ஸ்போர் போதும், கடத்தலைத் தூண்ட 200 மைக்ரோமோலார் அசிட்டோசிரிங்கோன் வேண்டும், கூட்டு வளர்ப்பு 22–25 டிகிரியில். 28-ஐத் தாண்டினால் டி-டிஎன்ஏ (பாக்டீரியா அனுப்பும் டிஎன்ஏ துண்டு) கடத்தல் படுத்துவிடும். டிஎன்ஏ கண்ட இடத்தில் செருகிய (சீரற்ற செருகல்) மியூட்டன்ட் நூற்றுக்கணக்கில் வேண்டுமானால் அதுவே மேல். நாலைந்து ஜீன்களை நீக்க மட்டுமென்றால் இந்தப் பொடி வேலையைச் சீக்கிரம் முடிக்கும்.

வாங்கியதும் சிறு குழாய்களில் பிரித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஈரம் பட்டுக் கட்டியான பொடியை எடை போட்டுப் பயனில்லை.