ஏஐ உதவியாளர் வாங்கப் போகிறீர்களா? ‘அளவுக் கட்டணமா, ஆள் கட்டணமா’ என்ற ஒப்பீட்டுத் தாளை நம்பாதீர்கள்

திருச்சியில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். வங்கிகள் வீட்டுக்கடன் கொடுப்பதற்கு முன்னால் சொத்துப் பத்திரங்களைப் பரிசோதித்து லீகல் ஒப்பினியன் எழுதித் தருவது எங்களுடைய முக்கிய வேலை. எல்லோருமாக 22 பேர். எங்களுக்கு ஒரு விற்பனை நிறுவனம் ஏஐ உதவியாளரை விற்றது. முதலில் அளவுக் கட்டணத்தில், அதாவது பயன்படுத்திய அளவுக்குப் பணம் கட்டும் திட்டத்தில், மாட்டிவிட்டார்கள். அதிலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி, ஆளுக்கு இவ்வளவு என்று மாதம் கட்டும் ஆள் கட்டணத்தில் மாட்டிவிட்டார்கள். வக்கீல் ஆபீஸையே ஒப்பந்தத்தில் ஏமாற்றினார்களா என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். எங்கள் சீனியரும் பில்லைப் பார்க்கும் வரை சிரித்துக்கொண்டுதான் இருந்தார். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதியும் பயனில்லை, இதே தாளோடு வேறு பெயர்களிலும் ஆட்கள் வருகிறார்கள்.

அந்தத் தாளைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். இடது பக்கம் ஆள் கட்டணம்: ஆளுக்கு மாதம் 2,000 ரூபாய், 22 பேருக்கு 44,000. வலது பக்கம் அளவுக் கட்டணம்: ஆளுக்கு ஒரு நாளைக்கு 20 கேள்வி, மாதம் 25 வேலை நாள், ஆக 11,000 கேள்வி, ஒரு கேள்விக்கு ஒரு கிரெடிட், ஒரு கிரெடிட் 80 காசு, மொத்தம் 8,800. கூட்டல் பெருக்கலில் ஒரு பிழையும் கிடையாது. “மேடம், இது கரண்ட் பில் மாதிரி. எரிந்த அளவுக்குத்தான் காசு” என்றார் வந்தவர்.

மின்வாரியத்தில் ஒரு யூனிட் என்றால் ஒரு கிலோவாட் மணி. அது ஸ்ரீரங்கத்திலும் அதுதான், சென்னையிலும் அதுதான். மீட்டர் நம் வீட்டுச் சுவரில் இருக்கிறது, கட்டண விகிதத்தை ஒழுங்குமுறை ஆணையம் தீர்மானிக்கிறது. கிரெடிட் என்பதற்கு இப்படி எதுவும் கிடையாது. விற்பவர் வைத்ததுதான் அளவு, மீட்டரும் அவரிடமே இருக்கிறது.

முதல் முழு மாதத்தின் பில் 61,000 ரூபாய்க்கு மேல் வந்தது. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்ந்து 72,000 ரூபாயைத் தாண்டியது. வேறு தொழில் செய்பவர்கள் அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்து, தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். வழக்கறிஞர் சேவைக்கான வரியை வாங்குகிறவரே கட்டும் முறை இருப்பதால் எங்களுக்கு அந்த வழி இல்லை, வரி முழுவதும் செலவுதான். விற்க வந்தவரின் தாளில் வரி என்ற வரியே இல்லை.

எங்கே போனது பணம்? ‘ஒரு கேள்வி ஒரு கிரெடிட்’ என்பது தாளில் மட்டும். ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் கிரெடிட்டுக்கு வேறு கணக்கு இருந்தது. ஸ்கேன் செய்த பக்கம் ஒன்றுக்கு 2 கிரெடிட். தொடர் கேள்வி கேட்டால் அதுவரை நடந்த உரையாடலும் இணைத்த ஆவணங்களும் மறுபடியும் எண்ணப்படும். எங்கள் வேலை எப்படிப்பட்டது என்று பாருங்கள். ஒரு சொத்துக்குத் தாய்ப்பத்திரம், பாகப்பிரிவினை, செட்டில்மெண்ட், வில்லங்கச் சான்றிதழ், பட்டா, வாரிசுச் சான்றிதழ் எல்லாம் சேர்ந்தால் சாதாரணமாக 40 பக்கம் வரும். 40 பக்கத்துக்கு 80 கிரெடிட், அதாவது 64 ரூபாய். “சர்வே எண் எல்லாப் பத்திரத்திலும் ஒத்துப்போகிறதா?” என்று கேட்டால் 64 ரூபாய். “நான்கு எல்லையைச் சொல்” என்றால் இன்னொரு 64. பத்துக் கேள்வியில் ஒரு கோப்பு முடிந்தால் 640 ரூபாய். மாதம் 90 கோப்பு வருகிறது. அதிலேயே 57,600 போய்விட்டது. கடிதம் எழுதுவது, ஆங்கிலத்தைத் திருத்துவது போன்ற வேலைகள்தாம் மீதி.

முன்பு நடந்த உரையாடல் முழுவதையும் ஒவ்வொரு முறையும் மாடலுக்கு (உதவியாளருக்கு அடியில் ஓடி, பதிலை எழுதும் ஏஐ நிரலுக்கு) அனுப்ப வேண்டியிருக்கிறது என்பது உண்மைதான், இந்தத் தொழில்நுட்பம் அப்படித்தான் இயங்குகிறது. ஆனால் திரும்பத் திரும்ப அனுப்பும் பகுதிக்கு மாடல் நிறுவனங்களே விலையைக் குறைத்துவிட்டன. 2024 ஆகஸ்டில் ஆந்த்ரோபிக் அப்படிப்பட்ட பகுதிக்கு வழக்கமான உள்ளீட்டு விலையில் பத்தில் ஒரு பங்குதான் என்று அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஓப்பன்ஏஐ பாதி விலை என்றது. நடுவில் நிற்கும் விற்பனையாளர் எங்களிடம் ஒவ்வொரு முறையும் முழு விலை வாங்கினார். கேட்டதற்கு, “அது பின்னணித் தொழில்நுட்பம், வாடிக்கையாளருக்குத் தொடர்பில்லாதது” என்று பதில் வந்தது.

தமிழில் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாடல்கள் எழுத்தை டோக்கன்களாக உடைத்து எண்ணுகின்றன, பெரும்பாலும் விலையும் அந்த எண்ணிக்கைக்குத்தான். தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டுகளாக உடைகிறது. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற மாடல் வெளியானபோது ஓப்பன்ஏஐ காட்டிய ஓர் எடுத்துக்காட்டில், ஒரே செய்தி பழைய முறையில் ஆங்கிலத்தில் 27 டோக்கன், தமிழில் 116. புதிய முறையில் ஆங்கிலம் 24, தமிழ் 35. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் உங்களுக்கு விற்கப்படும் பொருளுக்கு அடியில் எந்த மாடல் ஓடுகிறது என்பதைப் பொறுத்து உங்கள் தமிழ்ப் பத்திரத்தின் விலை மாறும். எங்களுக்குக் காட்டிய மாதிரிச் செயல்விளக்கம் முழுவதும் ஆங்கில ஒப்பந்தம் ஒன்றை வைத்து நடந்தது. ‘சராசரிக் கேள்வி’ என்று அவர்கள் எடுத்துக்கொண்டதும் அதிலிருந்து வந்ததுதான். தமிழ்ப் பத்திரம் பார்க்கும் அலுவலகம் என்பது தெரிந்தேதான் வந்தார்கள்.

செலவு வரம்பு வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். 15,000 ரூபாய் என்று வைத்திருந்தோம். அந்த வரம்பு எதையும் நிறுத்தாதாம். வரம்பைத் தொட்டால் ஒரு மின்னஞ்சல் போகும், அவ்வளவுதான். அந்த மின்னஞ்சலும் எங்களுக்கு வரவில்லை. நிர்வாகி முகவரியாகத் தங்கள் தொழில்நுட்பப் பணியாளரின் முகவரியையே அவர்கள் பதிந்திருந்தார்கள். கணினித் திறனை வாடகைக்குத் தரும் கிளவுட் சேவைகளிலும் இந்த வழக்கம் உண்டு. மைக்ரோசாஃப்டின் அஷூர், அமேசானின் ஏடபிள்யூஎஸ், கூகுள் கிளவுட் மூன்றிலும் ‘பட்ஜெட்’ அமைத்தால் எச்சரிக்கை வருமே தவிர, அது மட்டுமே செலவை நிறுத்திவிடாது. ஆனால் அங்கே அதை ஆவணத்தில் எழுதியாவது வைத்திருக்கிறார்கள். எங்களிடம் வந்தவர் ‘லிமிட்’ என்ற சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். நடப்புக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் மேண்டேட் படிவத்தில் உச்சத்தொகை 1,00,000 ரூபாய் என்று அச்சிட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். மாதம் 8,800 ஆகும் என்று சொன்னவர்களுக்கு எதற்கு ஒரு லட்சம்?

சண்டை போட்டோம். உடனே அவருடைய மேலாளர் வந்தார், இனிப்புப் பெட்டியோடு. “உங்கள் வேலைக்கு ஆள் கட்டணம்தான் சரி. எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். மாதா மாதம் நிறுத்திக்கொள்ளலாம்” என்றார். அவர் சொன்னதில் முதல் வாக்கியம் பாதி உண்மை, மற்ற இரண்டும் பொய்.

உங்கள் டொமைனில் மின்னஞ்சல் முகவரி உள்ள எல்லோருக்கும் எடுத்தாக வேண்டும், அது தயாரிப்பு நிறுவனத்தின் விதி என்றார்கள். ஓட்டுநருக்கும், கோப்பு எடுத்து வைக்கும் அம்மாவுக்கும், வரவேற்பு மேசையின் பொது முகவரிக்கும் சேர்த்து 22 ‘இருக்கை’ (ஒருவர் பயன்படுத்துவதற்கான உரிமத்துக்கு அவர்கள் வைத்த பெயர்). உண்மையில் பயன்படுத்தியவர்கள் ஏழு பேர். அப்படி ஒரு விதியே இல்லை என்பது அந்தத் தயாரிப்பின் விலைப் பக்கத்திலேயே இருந்தது. குறைந்தபட்ச இருக்கை ஐந்துதான். மாதத் தொகை வரியோடு 51,920. ‘மாதா மாதம்’ என்பது பணம் கட்டுவதற்கு மட்டும்தான், ஒப்பந்தம் ஓராண்டுக்கு. நடுவில் இருக்கையைக் கூட்டலாம், குறைக்க முடியாது. ஓராண்டுக்கு 6,23,040 ரூபாய்.

‘எவ்வளவு வேண்டுமானாலும்’ என்பதும் நிலைக்கவில்லை. ஒப்பந்தத்தில் ‘நியாயமான பயன்பாடு’ என்று ஒரு பத்தி உண்டு. மாதத்தின் நடுப்பகுதியிலேயே எங்கள் பத்திரப் பிரிவு இருவருக்கும் “ஆவண வரம்பு முடிந்தது” என்று திரையில் வந்துவிட்டது. தொடர வேண்டுமானால் கூடுதல் கிரெடிட் பொதி வாங்க வேண்டும். ஓட்டுநரின் பெயரில் சும்மா கிடக்கும் வரம்பை அவர்களுக்கு மாற்றிக் கொடுங்கள் என்றால் அதற்கு வழியில்லையாம். ஆக, ஆளுக்கும் கட்டினோம், அளவுக்கும் கட்டினோம்.

இது எங்கள் விற்பனையாளரின் தனித் திறமை என்று சொல்ல மாட்டேன். ஆள் கட்டணம் என்று ஆரம்பித்த பெரிய தயாரிப்புகளும் இப்படித்தான் கலந்துகொண்டிருக்கின்றன. நிரல் எழுத உதவும் கிட்ஹப் கோபைலட்டின், மாதம் ஆளுக்கு 19 டாலர் வாங்கிய பிசினஸ் திட்டத்தில் 2025 ஜூன் மாதம் ‘பிரீமியம்’ கோரிக்கைகளுக்கு ஆளுக்கு மாதம் 300 என்று எல்லை வந்தது, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 4 சென்ட். அதே மாதம், அதே வகைக் கருவியை விற்கும் கர்சர் நிறுவனம் கோரிக்கை எண்ணிக்கைக்குப் பதிலாகப் பயன்பாட்டு மதிப்புக்கு மாறியது, எதிர்பாராத பில் வந்தவர்கள் கொதித்தார்கள், ஜூலையில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. ஆகவே இரண்டில் எது மலிவு என்ற கேள்வியே விற்பவருக்கு வசதியானது. எந்தத் திட்டம் என்றாலும், எங்கே எண்ண ஆரம்பிப்பீர்கள், எண்ணிக்கை முடிந்தால் என்ன நடக்கும் என்று கேளுங்கள்.

நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காக வாங்குகிறவரை நுகர்வோராகக் கொள்வதில்லை. சுயதொழிலில் பிழைப்பவருக்கு விலக்கு உண்டு, 22 பேர் உள்ள அலுவலகம் அதில் அடங்குவது கடினம். எங்களுக்குக் கைகொடுத்தது வாட்ஸ்அப். ‘மாதா மாதம் நிறுத்தலாம்’ என்றும் ‘எல்லா முகவரிக்கும் எடுக்க வேண்டும், கம்பெனி விதி’ என்றும் மேலாளர் தட்டச்சு செய்தே அனுப்பியிருந்தார். அதை இணைத்துச் சீனியர் ஒரு நோட்டீஸ் விட்டார். நீண்ட இழுபறிக்குப் பிறகு 15 இருக்கைகளை நீக்க ஒப்புக்கொண்டார்கள். ஏற்கெனவே கட்டியது திரும்பவில்லை. அதற்கு ஈடாகக் கிரெடிட் தருவதாகச் சொன்னார்கள், அதுவும் 60 நாளில் காலாவதியாகும் கிரெடிட்.

இப்போது வாங்கப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். உங்கள் அலுவலகத்தின் மிகக் கனமான தமிழ்க் கோப்பு ஒன்றைக் கட்சிக்காரர் பெயர்களை மறைத்துவிட்டு அவர்கள் கையில் கொடுங்கள். அதில் பத்துக் கேள்வி கேட்டுக் காட்டச் சொல்லி, அதற்கான பில்லை வரியோடு எழுதி வாங்குங்கள். வரம்பைத் தொட்டதும் சேவை நின்றுவிடும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதித் தர மறுத்தால், முன்பணம் கட்டி அது தீர்ந்ததும் நிற்கும் திட்டத்தை மட்டும் கேளுங்கள். நாங்கள் பத்திர வேலையை இப்போது வேறொருவரிடம் அப்படித்தான் வைத்திருக்கிறோம். நிர்வாகி முகவரி உங்களுடையதாக இருக்கட்டும். மேண்டேட்டில் உச்சத்தொகையை உங்கள் கையால் எழுதுங்கள்.

புதுப்பித்தல் பிரிவையும் படியுங்கள். எங்கள் ஒப்பந்தத்தில், ஆண்டு முடிய 30 நாளுக்கு முன் எழுத்தில் மறுக்காவிட்டால் தானாகவே இன்னோர் ஆண்டு நீளும். அந்தத் தேதியை எங்கள் குமாஸ்தா வாய்தா நாட்குறிப்பில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறார்.