ரசத்தில் கரைத்த புலி: பிரெயில் எழுத எதை வாங்கினோம், ஏன்?

எங்கள் மாலை வகுப்புக்கு வரும் பார்வையற்ற பிள்ளைகள் ஆறு பேர். சின்னவன் மூன்றாம் வகுப்பு, பெரியவள் எட்டாம் வகுப்பு. போன வருடம் ஒருவர் நன்கொடை தருவதாகச் சொல்லிவிட்டு ஒரு நிபந்தனையும் போட்டார்: ஏதாவது ஒரு வகைப் பொருளாக வாங்குங்கள், நாலைந்தாகப் பிரிக்காதீர்கள். அன்றிலிருந்து ஒரு மாதம் எனக்கும் சக ஆசிரியைக்கும் இதே பேச்சுதான். பிரெயில், அதாவது விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து, எழுத ஸ்லேட்டும் (கட்டம் வெட்டிய சட்டம்) ஸ்டைலஸும் (குத்தும் ஊசி) போதுமா? பெர்க்கின்ஸ் பிரெய்லரா? பிரெயில் டிஸ்ப்ளேயா? இல்லை, எல்லாவற்றையும் விட்டுவிட்டு லேப்டாப்பும் பேசும் மென்பொருளுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாங்கள் வாங்கியது இரண்டு பெர்க்கின்ஸ். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். குறைபார்வை உள்ள பிள்ளைகளுக்கு இது பொருந்தாது. அவர்களுக்குப் பெரிய எழுத்தும் உருப்பெருக்கியும் நல்ல வெளிச்சமும் வேண்டும், அது வேறு கதை. கல்லூரிக்குப் போய்விட்டவர்களுக்கும் இது பொருந்தாது. அவர்களுக்கு லேப்டாப்தான், அதில் விவாதமே இல்லை.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்லேட் மலிவு, பைக்குள் அடங்கும், கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. ஆண்ட்ராய்டு போனில், திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் டாக்பேக் கூடவே வருகிறது. விண்டோஸ் கணினியில் அதே வேலையைச் செய்யும் என்விடிஏ இலவசம். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. ஜாஸ் என்ற விலையுள்ள வாசிப்பு மென்பொருளை வாங்கக் காசில்லாத எத்தனையோ பேர் அதை வைத்துத்தான் படித்து வேலைக்கும் போயிருக்கிறார்கள். டிஸ்ப்ளே என்பது சின்ன ஊசிகள் மேலும் கீழும் அசைந்து வரியை விரலுக்குக் காட்டும் மின்கருவி. புத்தக மூட்டையையே ஒரு மெமரி கார்டில் அடக்கிவிடலாம். பெர்க்கின்ஸ், பிரெயிலுக்கான டைப்ரைட்டர். பிரெயிலில் ஒரு கட்டத்துக்கு (அதைச் செல் என்போம்) இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று என ஆறு புள்ளி. அந்த ஆறு புள்ளிக்கு ஆறு விசை, நடுவில் இடைவெளிக்கு ஒன்று. அமெரிக்காவில் பெர்க்கின்ஸ் பள்ளியில் தச்சு வேலை சொல்லிக்கொடுத்த டேவிட் ஆபிரகாம் வடிவமைத்தது. முதல் இயந்திரம் 1951இல் வந்தது. நம் மொழிகளுக்கான பாரதி பிரெயில் முடிவானதும் அதே வருடம்தான்.

விலை, எடை, மின்சாரம் என்று பட்டியல் போட்டுப் பார்த்ததில் எங்களுக்கு ஒரு முடிவும் வரவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டதும் தெளிந்துவிட்டது: பிள்ளை தான் எழுதியதை எழுதிய கையோடு தன் விரலால் தடவிப் பார்க்க முடிகிறதா?

ஸ்லேட்டில் முடியாது. காகிதத்தின் பின்பக்கத்திலிருந்து குத்துகிறோம், புள்ளி முன்பக்கம் எழும்புகிறது. ஆகவே வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போட வேண்டும். படிக்கும்போது ஒரு வடிவம், எழுதும்போது அதன் எதிர் வடிவம். தமிழில் இது எங்கே போய் முட்டுகிறது பாருங்கள். பிரெயிலில் ல என்பது இடப்பக்கப் புள்ளிகள் மூன்றும். ள என்பது வலப்பக்கப் புள்ளிகள் மூன்றும். ஒன்றைத் திருப்பினால் மற்றது. இகரமும் ஏகாரமும் அதே மாதிரி ஒன்றுக்கொன்று கண்ணாடி. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருநாள் "அம்மா ரசத்துக்குப் புலி கரைத்தாள்" என்று எழுதிவிட்டான். அவனுக்குப் புளி தெரியும், புலியும் தெரியும். கை ஒரு கணம் திருப்ப மறந்தது, அவ்வளவுதான். ஆனால் அது அவனுக்குத் தெரிய வந்தது பக்கம் முழுக்கக் குத்தி முடித்து, காகிதத்தைக் கழற்றித் திருப்பிய பிறகு. அதற்குள் அந்த வாக்கியத்தை எழுதியபோது மனதில் என்ன ஓடியது என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

சரி, அந்தக் காலத்துப் பிள்ளைகள் ஸ்லேட்டில் எழுதித்தானே பெரிய ஆள் ஆனார்கள் என்று கேட்கலாம். ஆனார்கள், மறுக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு தமிழாசிரியர் இன்றும் ஸ்லேட்டில் சடசடவென்று குறிப்பெடுப்பார். ஆனால் எழுதக் கற்றுக்கொள்ளும் முதல் சில வருடங்களில் பிழையும் திருத்தமும் பக்கத்திலேயே இருந்தால்தான் கை பழகும் என்பது என் அனுபவம்.

அடுத்து, பேசும் மென்பொருள். இதில்தான் எங்களுக்குள் சண்டையே. "காலம் மாறிவிட்டது, இனி யார் பிரெயில் எழுதப் போகிறார்கள்" என்பது சக ஆசிரியையின் கட்சி. எட்டாம் வகுப்புப் பெண்தான் அதற்குப் பதில் சொன்னாள், தெரியாமலே. அவள் எங்களிடம் வருவதற்கு முன்பு முழுக்கக் காதால் படித்தவள். கெட்டிக்காரி, சமூக அறிவியலில் எந்தப் பாடத்தையும் ஒருமுறை கேட்டால் திருப்பிச் சொல்வாள். லேப்டாப்பில் அரைப் பக்கம் தட்டச்சு செய்யச் சொன்னோம். "தம்பி ஓடி வன்தான். பன்தை எடுத்தான்" என்று போகிறது. "திரும்பக் கேட்டுப் பாரும்மா" என்றேன். கணினி கணீரென்று வாசித்தது. "சரியாத்தானே மிஸ் இருக்கு?" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பே இல்லை. காதுக்கு அது சரியாகத்தான் இருந்தது. ந, ன இரண்டையும் நாமும் ஒரே மாதிரிதான் உச்சரிக்கிறோம். அந்தக் குரலில் அம்புக்குறியை நகர்த்தி எழுத்து எழுத்தாகக் கேட்டாலும் இரண்டுக்கும் ஒரே ஒலி. கறியும் கரியும், அறமும் அரமும் வேகமாக வாசிக்கும்போது அப்படியே. வேறு நல்ல குரல்களில் இது தேறியிருக்கலாம், எல்லாவற்றையும் நாங்கள் போட்டுப் பார்க்கவில்லை. வாயால் சொல்லித் தட்டச்சு செய்யும் வசதியையும் முயன்றோம். அது பெரும்பாலும் சரியாகவே எழுதிவிடுகிறது, ஆனால் எழுதுவது போன்தான், பிள்ளை இல்லை.

பார்வையுள்ள பிள்ளையும் வன்தான் என்று எழுதும். ஆனால் அது பேருந்துப் பலகையில், கடைப் பெயரில், காலண்டரில், பிஸ்கட் உறையில் என்று ஒரு நாளைக்கு நூறு தடவை எழுத்தைப் பார்க்கிறது. தன்னையறியாமல் திருந்திவிடுகிறது. பார்வையற்ற பிள்ளைக்கு எழுத்து தானாக வந்து எதிரே நிற்பதில்லை. விரலுக்குக் கிடைத்தால்தான் உண்டு. "பொதுத்தேர்வுக்கு ஸ்கிரைப் (சொல்லச் சொல்ல எழுதித்தருபவர்) வைத்துக்கொள்ளலாமே, எழுத்துப்பிழையைப் பற்றி ஏன் கவலை?" என்று ஒரு பெற்றோர் கேட்டார். வேலைக்கு விண்ணப்பம் அனுப்பும்போது ஸ்கிரைப் கூட வரமாட்டாரே என்றேன்.

இப்போது பெர்க்கின்ஸ். இதில் புள்ளி மேல்நோக்கி எழும்புகிறது, இடமிருந்து வலமாகவே. படிக்கும் வடிவமும் எழுதும் வடிவமும் ஒன்று. ல என்றால் இடது கை மூன்று விரல், ள என்றால் வலது கை மூன்று விரல். அந்தப் பையனுக்கு இதைக் காட்டியதும் "அப்போ புளி வலது கை, புலி இடது கை" என்று பாட்டாகவே பாட ஆரம்பித்துவிட்டான். ன என்பது வலது கையில் இரண்டு விரல், ந என்பது இரண்டு கையிலும் இரண்டிரண்டு விரல். காதில் ஒன்றாக இருந்தவை கையில் இரண்டாகப் பிரிந்தன. ஒரு சொல்லை அடித்துவிட்டு, விசையிலிருந்து கையை எடுத்து, காகிதத்தின் மேல் விரலை ஓட்டலாம். சந்தேகம் வந்தால் அங்கேயே புள்ளியை அமுக்கி அழித்துவிட்டு, பேக்ஸ்பேஸ் தட்டி மறுபடி அடிக்கலாம். எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு "வந்தான்" என்ற சொல் வசமாக நான்கு மாதம் ஆனது. இன்னும் ண, ன இடறுகிறது.

கணக்கு இன்னொரு பெரிய விஷயம். மூன்று இலக்கக் கூட்டலை ஒன்றின் கீழ் ஒன்றாக அடித்து, விரலை மேலிருந்து கீழே இறக்கி ஒன்று, பத்து, நூறு என்று பார்க்க முடிகிறது. டெய்லர் ஃபிரேமில் இதைச் செய்யலாம்தான். எண்கோணக் குழிகளில் உலோகக் கட்டைகளைத் திருப்பித் திருப்பி நிறுத்தும் அந்தப் பலகையை நாங்கள் இன்னும் விடவில்லை. ஆனால் அடுத்த கணக்குக்குக் கட்டைகளைப் பிடுங்கியாக வேண்டும். நேற்று எங்கே தப்பினோம் என்று இன்று பார்க்க ஒன்றும் இருக்காது.

டிஸ்ப்ளேயைப் பற்றி அடக்கமாகத்தான் பேச முடியும். தெரிந்தவரிடம் 20 செல் கருவி ஒன்றை மூன்று வாரம் இரவல் வாங்கி வைத்திருந்தோம், அவ்வளவே அனுபவம். என் கேள்விக்கு அது பாதி ஆம் சொல்கிறது: அடித்ததை உடனே தடவிப் பார்க்கலாம். ஆனால் ஒரு வரிதான். கீழ்வரி இல்லாமல் கூட்டல் கணக்கு எப்படிப் போடுவது? அதோடு பிரெயில் தமிழ் இடத்தைத் தின்னும். புள்ளி வைத்த மெய்க்கு முன்னால் தனியாக ஒரு செல், உயிர்மெய்யில் அகரம் தவிர மற்ற உயிருக்குத் தனியாக ஒரு செல். தமிழ் என்று எழுத 5 செல். "பள்ளிக்கூடத்திற்குப்" என்று எழுதிப் பாருங்கள், சரியாக 20. அத்தோடு கருவி நிறைந்துவிட்டது, அடுத்து வரும் "போனேன்" அடுத்த தடவைதான். பெர்க்கின்ஸில் ஒரு வரிக்கு 42 செல். கதைப் புத்தகம் படிக்கிற ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு டிஸ்ப்ளே வரமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு பாடநூல் பிரெயிலில் பல கட்டுகளாக வரும், அதைத் தூக்கி அலைவதைவிட இது மேல்.

பெர்க்கின்ஸின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். கிட்டத்தட்ட 5 கிலோ. ஏழு வயதுப் பிள்ளை அதைப் பள்ளிக்குத் தூக்கிப் போக முடியாது. ஆகவே பைக்குள் ஸ்லேட் இன்னும் இருக்கிறது, ஸ்லேட் கற்றுத்தருவதையும் நிறுத்தவில்லை. சத்தம் வேறு. இரண்டு இயந்திரம் ஒரே நேரத்தில் ஓடினால் பக்கத்து அறையில் பாடம் நடக்காது. அடியில் பழைய டவலை நான்காக மடித்துப் போட்ட பிறகு புகார் குறைந்தது. சின்ன விரல்களுக்கு விசை கொஞ்சம் கனம்தான், முதல் வாரம் சுண்டு விரல் பக்கத்து விரலெல்லாம் வலிக்கிறது என்றார்கள்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை: வேலை முடிந்ததும் துணி போட்டு மூடுவது, மேலே வைத்துச் சாப்பிட விடாமல் இருப்பது. தானாகத் திறந்து எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டிக்கொள்ளும். நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி, வேலூர் பக்கம் காட்பாடியில் உள்ள வொர்த் டிரஸ்ட் இந்த இயந்திரங்களைத் தயாரிக்கிறது. ஒரு ஊசி எழும்பாமல் போன மின்கருவியை எங்கே கொண்டுபோவது என்ற கவலை இதில் இல்லை.

சக ஆசிரியை முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. வாசிப்பதற்குப் போன், எழுதுவதற்குப் பெர்க்கின்ஸ் என்ற ஏற்பாட்டுக்கு மட்டும் இறங்கி வந்திருக்கிறார். அடுத்த வருடம் எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு என்விடிஏவில் முறையாகத் தட்டச்சு சொல்லித்தரும் பொறுப்பு அவருடையது. எனக்கு இப்போதைக்கு இருக்கும் கவலை காகிதம்தான். சாதாரணத் தாளில் புள்ளி நிற்காது, கெட்டித் தாள் வேண்டும், ஆறு பிள்ளைகள் அடித்துத் தள்ளுகிறார்கள். ஜனவரி வந்தால் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் போய்ப் பழைய மாதக் காலண்டர்களைக் கேட்டு வாங்கி வருகிறேன்.