புல்வெட்டும் இயந்திரத்தின் பிளேடைத் தீட்டும் ட்ரில் கல்: வாங்கும் முன் படியுங்கள்

கனடாவின் ஒன்ராறியோவில் புல்தரையுடன் கூடிய வீடுகளில் வசிக்கும் தமிழர்களுக்கு, குறிப்பாகப் பிளேடைத் தாங்களே தீட்ட விரும்புவோருக்கு, இதை எழுதுகிறேன். ட்ரிலில் பொருத்தும் சாணைக்கல் ஒன்றை இணையவழி விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கி ஏமாற்றப்பட்டேன். பிளேடைக் கழற்ற வேண்டியதில்லை, எந்தப் பிளேடுக்கும் பொருந்தும், எவ்வளவு மழுங்கியிருந்தாலும் இரண்டே நிமிடங்களில் புதிதுபோல் ஆகிவிடும் என்று அவருடைய விளம்பரம் உறுதியளித்தது. மூன்றுமே பொய்.

விளம்பரப் படத்தில் கல்லின் அடியில் இருந்தது உலோக வட்டு. வந்ததில் இருந்ததோ மெல்லிய பிளாஸ்டிக் வட்டு. நிமிடத்துக்கு அதிகபட்சம் எத்தனை சுற்றுகள் என்ற குறிப்பு கல்லிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. வரம்பு மீறிச் சுழலும் சாணைக்கல் பிளந்து தெறிக்கும் என்பதால், அந்தக் குறிப்பில்லாத கல்லை விற்பதே தவறு.

இக்கருவியில் வட்டு பிளேடின் தட்டையான அடிப்புறத்தில் ஒட்டி நகர வேண்டும். அப்போதுதான் கல் சாய்வான வாயை ஒரே கோணத்தில் தேய்க்கும். இந்த வட்டு தண்டில் ஆடியது, சூடேறியதும் இளகியது. பிளேடைக் கழற்றி, வைஸில் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவியில்) வைத்துத் தீட்டியும் வாய் அலை அலையாக வந்தது. தரையிலிருந்த கற்கள் பட்டு வாயில் விழுந்திருந்த பற்கள், அதாவது சிறு வெட்டுகள், அப்படியே இருந்தன. சாணைக்கல்லில்தான் பள்ளம் விழுந்தது. சற்று நேரத்தில் கல் தண்டிலிருந்து கழன்று பறந்தது. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருந்ததால் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிளேடின் நடுத்துளையைச் சுவரில் அடித்த ஆணியில் மாட்டியபோது ஒரு பக்கம் சட்டென்று தாழ்ந்தது. இதைச் சிறிய குறையாக எண்ணக் கூடாது. 21 அங்குலப் பிளேடு நிமிடத்துக்கு 3,000 சுற்றுகள் சுழலும்போது அதன் நுனி மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அந்த வேகத்தில் எடை ஒருபுறம் கூடினால் இயந்திரம் அதிர்ந்து, நாளடைவில் பேரிங்கும் கிராங்க் தண்டும் கெடும்.

எனக்கு மிகுந்த கோபம் உண்டாக்கியது, கழற்ற வேண்டியதில்லை என்ற வாக்குறுதிதான். அந்த விளம்பரக் காணொளியில் எஞ்சினில் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கின் வயரைப் பிடுங்கச் சொல்லும் ஒரு வரிகூட இல்லை. பெட்ரோல் இயந்திரத்தில் பிளேடைக் கையால் திருப்பினால் எஞ்சினும் சேர்ந்து சுழலும். வயர் இணைந்திருந்தால் எஞ்சின் ஓடத் தொடங்கவும் கூடும். கைப்பிடியை விட்ட 3 விநாடிகளுக்குள் பிளேடு நின்றுவிட வேண்டும் என்று அமெரிக்காவில் 1982 முதல் விதி இருக்கிறது. ஆனால் அது பின்னால் நின்று தள்ளுபவருக்கான பாதுகாப்பு, அடியில் கைவைத்திருப்பவருக்கு அது உதவாது. தவிர, கழற்றாத பிளேடின் எடைச் சமநிலையை எப்படிச் சோதிப்பது?

பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற இயலாது என்று விற்பனையாளர் முதலில் எழுதினார். என் மதிப்புரையை நீக்கினால் பாதிப் பணம் தருவதாகப் பிறகு சொன்னார், மறுத்துவிட்டேன். விளம்பரத்தின் திரைப்பதிவையும் வந்த பொருளின் படத்தையும் கடன் அட்டை நிறுவனத்துக்கு அனுப்பிய பிறகே முழுப் பணமும் திரும்பியது. ஆகவே எதை வாங்கினாலும் விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வகைக் கற்கள் எல்லாமே மோசடி அல்ல. லேசாக மழுங்கிய வாயைச் சீராக்க நல்ல தயாரிப்புகள் உதவும். பல் விழுந்த பிளேடுக்கு அவையும் போதா. அதற்கு நல்ல அரமே போதுமானது. வயரைப் பிடுங்கி அல்லது பேட்டரியைக் கழற்றி, காற்று வடிகட்டி மேலே இருக்குமாறு இயந்திரத்தைச் சாய்த்து, பிளேடைக் கழற்றுங்கள். பெரும்பாலும் 30 பாகையை ஒட்டியிருக்கும் பழைய சாய்வையே பின்பற்றி, மேற்புறத்தை மட்டும் இரு முனைகளிலும் சமமாக அராவுங்கள். சவரக் கத்தியின் கூர்மை வேண்டாம். அது விரைவில் மடங்கிவிடும். மின் சாணையில் கொடுத்தால், பிளேடு நீலம் பாயும்வரை சூடேறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எஃகின் பதம் போய்விடும்.

இந்தக் கல்லால் ஏற்கெனவே தீட்டியிருப்பவர்கள் பிளேடைக் கழற்றி ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை அராவிச் சமன் செய்யாமல் இயந்திரத்தை ஓட்டாதீர்கள். வெடிப்போ வளைவோ தெரிந்தால் புதிய பிளேடையே மாட்டுங்கள்.